மச்சானின் பற்றரி

"அண்ணை, எந்தக் கொம்பனி ட்ரில் நல்லது?" மொன்றியலின் மேற்குத் தீவில் முதல் வீடு வாங்கியவர்கள், சாவி கைக்கு வந்த கிழமையே கேட்கிற கேள்வி இது. அண்ணை தன்னிடம் இருப்பதன் பெயரைச் சொல்வார். பக்கத்தில் தேநீர்க் கோப்பையோடு நிற்பவர் வேறொன்றைச் சொல்வார். மஞ்சள், சிவப்பு, நீலப்பச்சை, இளம்பச்சை என்று நிறத்தை வைத்தே கட்சி பிரிந்துவிடும். கேட்டவர் இரண்டு பேரையும் விட்டுவிட்டு, அந்த வாரம் எது மலிவு விற்பனையில் கிடக்கிறதோ அதை வாங்கி வருவார்.

கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. இன்று கம்பியில்லாக் கருவி வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது ஒரு பற்றரிக் குடும்பத்தை. முதல் பெட்டியோடு வருகிற பற்றரி எந்த வடிவமோ, அடுத்து வாங்கும் வாள், கிரைண்டர், விளக்கு, இலை ஊதி எல்லாம் அந்த வடிவத்தின் பின்னாலேயே போகும். அதனால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உன்ரை மச்சான் எந்தப் பற்றரி வைத்திருக்கிறார்?" பகிடியாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

மேற்குத் தீவின் ரொக்ஸ்பரோவை உதாரணமாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1914-ல் தனி நகரமாக உருவாகி, 2002-ல் மொன்றியலோடு இணைக்கப்பட்டு, 2006 முதல் பியர்ஃபொன்-ரொக்ஸ்பரோ என்ற வட்டாரத்தின் ஒரு பகுதியாக இருக்கும் சின்ன இடம். வடக்கே ரிவியேர் தே பிரேரி ஆறு. தெற்கே நம்மவர்கள் முருகன் கோவிலுக்குப் போகும் டொலார்-தே-ஓர்மோ. இங்கே பல வீடுகள் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பங்களாக்கள்: மரச் சட்டம், அதன்மேல் ஜிப்ரொக் பலகை, கீழே கொங்கிரீட் பேஸ்மென்ட். யாழ்ப்பாணத்து வீட்டில் சுவர் என்றால் கல்லும் சீமெந்தும். இங்கே சுவரைத் தட்டினால் டொக் டொக் என்று உள்ளே வெறுமை கேட்கும். பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் மரக் கம்பத்தைக் கண்டுபிடித்து அதில் ஸ்குரூ போட வேண்டும், அவ்வளவுதான். அதற்குச் சுத்தியல் அடிக்கும் பெரிய ட்ரில் தேவையில்லை. பேஸ்மென்டில் கொங்கிரீட்டைத் துளைக்கிறவருக்குத்தான் ஹமர் தேவை.

இந்த இடத்துக்கு இன்னொரு பாடமும் ஆறு வழியாக வந்தது. 2017 மே மாதம் ஆறு பெருகி ரொக்ஸ்பரோ, பியர்ஃபொன் தெருக்களுக்குள் புகுந்தது. மே 7-ஆம் தேதி மொன்றியல் அவசரநிலை அறிவித்தது. இரண்டு வருடம் கழித்து, 2019 ஏப்ரல் 26-ல், அதே காரணத்துக்காக மறுபடியும் அறிவித்தது. தண்ணீர் ஏறிய வீட்டில் முதலில் மின்சாரத்தைத் துண்டிப்பார்கள். பிறகு ஊறிய ஜிப்ரொக்கை வெட்டி எறிய வேண்டும், பஞ்சுக் காப்பை இழுத்துப் போட வேண்டும், தாமதித்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். சுவரில் கரண்ட் இல்லாத வீட்டில் கம்பியுள்ள வாள் வெறும் இரும்பு. அதிர்வு வெட்டியும், முன்னும் பின்னும் ஓடுகிற வாளும் பற்றரியில் இருந்தால் அன்றைய பொழுதிலேயே வேலை நகரும். 2023 ஏப்ரல் 5-ல் உறைமழை பெய்து, கியூபெக்கில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் இருளில் கிடந்தபோது முறிந்த கிளைகளை வெட்டவும் இதே கதைதான்.

இங்கே ஒரு மயக்கத்தைக் களைய வேண்டும். பற்றரிக் கருவி இருக்கிறதே, அதை வைத்து பேஸ்மென்ட் பம்பையும் ஓட்டிவிடலாம் என்று சிலர் நம்புகிறார்கள். 18 வோல்ட், 5 அம்பியர்-மணி பற்றரியில் இருப்பது 18-ஐ 5-ஆல் பெருக்கிய 90 வாட்-மணி. மூன்றில் ஒரு குதிரைவலுப் பம்ப் ஏறத்தாழ 500 வாட் இழுக்கும். பத்துப் பதினொரு நிமிடத்தில் கதை முடிந்தது. பம்புக்கு அதற்கென்றே செய்த பெரிய காப்புப் பற்றரி வேண்டும். இந்தப் பெருக்கலை மனதில் வைத்திருங்கள், கடைசியில் விமான நிலையத்திலும் உதவும்.

கொஞ்சம் வரலாறு. துப்பாக்கிப் பிடியும் விசையும் உள்ள ட்ரில்லுக்கு பிளாக் அண்ட் டெக்கர் 1917-ல் காப்புரிமை பெற்றது. அதே கொம்பனி 1961-ல் நிக்கல்-கட்மியம் பற்றரியில் ஓடும் முதல் கம்பியில்லா ட்ரில்லைக் கொண்டுவந்தது. 1971-ல் அப்பல்லோ 15 வீரர்கள் நிலவின் தரையைத் துளைத்த கருவியிலும் அவர்களின் கை இருந்தது. ஆனால் வீட்டுக்காரருக்கு அந்தக் காலப் பற்றரி தலைவலிதான்: கனம், நினைத்த நேரத்தில் செத்துக் கிடக்கும். 2005-ல் மில்வாக்கியும் மக்கிட்டாவும் லித்தியம் அயனுக்கு மாறியதிலிருந்துதான் பற்றரிக் கருவி கம்பிக் கருவியோடு நேருக்கு நேர் மோதத் தொடங்கியது. கரித்தூரிகை இல்லாத மோட்டர் வந்தபின், உராய்ந்து வீணாகும் சக்தியும் குறைந்தது.

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்களுக்கு வருவோம். ஒரு கடையில் 18 வோல்ட், அடுத்த அடுக்கில் 20 வோல்ட். இரண்டு கூடுதலாச்சே என்று கை 20-ஐ எடுக்கும். உள்ளே இரண்டிலும் ஐந்து கலங்கள்தான். ஒரு கலத்தின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுதாகச் சார்ஜ் ஏறிய கணத்தில் கலம் 4 வோல்ட்டைத் தொடும், ஐந்துக்கு 20. டிவோல்ட் வட அமெரிக்காவில் 20 என்று விற்கும் பற்றரியையே ஐரோப்பாவில் 18 என்று விற்கிறது. 12 என்று எழுதியது 10.8, 40 என்று எழுதியது 36. பொய் சொல்லவில்லை, நல்ல நேரம் பார்த்துப் படம் எடுத்திருக்கிறார்கள்.

அம்பியர்-மணியைப் பலர் "எவ்வளவு நேரம் ஓடும்" என்பதற்கான எண் என்று மட்டும் நினைக்கிறார்கள். அது வலுவையும் காட்டும். 2 அம்பியர்-மணிப் பற்றரியில் ஐந்து கலங்கள் ஒற்றை வரிசையில் நிற்கும். 5 அம்பியர்-மணியில் பெரும்பாலும் பத்துக் கலங்கள் இரட்டை வரிசையில் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். கிரைண்டரில் சின்னப் பற்றரியைப் போட்டு இரும்பில் அழுத்தினால் மூச்சு வாங்குவது அதனால்தான். அழுத்தம் சரிந்து, காப்புச் சுற்று கருவியை நிறுத்திவிடும். கருவி நல்லதில்லை என்று திருப்பிக் கொடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன். பற்றரியை மாற்றிப் பார்த்திருந்தாலே போதும். மறுபக்கம், ஏணியில் நின்று கூரையில் ஸ்குரூ பூட்டுகிறவருக்குப் பெரிய பற்றரி தோளை உடைக்கும். அங்கே சின்னதுதான் சரி.

இணையத்தில் பாதி விலைக்கு வரும் பெயர் தெரியாத பற்றரிகளைப் பிடிக்கவும் இந்தக் கணக்கு போதும். 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட வழக்கமான கலத்தில் மிகச் சிறந்தது 3.5 அம்பியர்-மணி அளவே தாங்கும். இரட்டை வரிசை வைத்தால் 7. அதே அளவுக் கூட்டின் மேல் 9 என்று ஒட்டியிருந்தால், ஒட்டினவருக்கு வாய் பெரிது. தராசில் வைத்தாலும் தெரியும். ஒரு கலம் 45 முதல் 50 கிராம், பத்துக் கலத்துக்கு அரைக் கிலோவை நெருங்க வேண்டும், கூடு வேறு. ஆபத்து கொள்ளளவுப் பொய்யோடு நிற்பதில்லை. சில கொம்பனிகள் அளவுக்கு மீறி வெறுமையாவதைத் தடுக்கும் காப்பைப் பற்றரிக்குள் வைக்கின்றன, சில கருவிக்குள் வைக்கின்றன. காப்பு கருவியில் இருக்கும் வகைப் பற்றரியை இடைத்தகடு (அடாப்டர்) போட்டு வேறு கொம்பனிக் கருவியில் மாட்டினால், இரண்டு பக்கமும் காவல் இல்லை. அப்படி அடிவரை வற்றிய கலத்தை மறுபடி சார்ஜ் பண்ணுவது மரவீட்டில் செய்யக்கூடிய வேலை இல்லை.

இனி குடும்பக் கணக்கு. கடை அடுக்கில் எதிரிகளாக நிற்கும் பெயர்கள் பல, வீட்டுக்குப் போனால் உறவினர்கள். டிவோல்ட், பிளாக் அண்ட் டெக்கர், கிராஃப்ட்ஸ்மன் மூன்றும் ஒரே கூரையின் கீழ். மில்வாக்கியையும் ரியோபியையும் நடத்துவது ஹொங்கொங்கின் டிடிஐ. உரிமையாளர் ஒருவர் என்பதற்காகப் பற்றரி ஒன்றுக்கொன்று பொருந்தாது. அதில்தான் வியாபாரமே இருக்கிறது. எனவே பார்க்க வேண்டியது, ஒரு குடும்பம் தன் பற்றரி வடிவத்துக்கு எத்தனை காலம் விசுவாசமாக இருந்திருக்கிறது என்பதை. ரியோபியின் 18 வோல்ட் வடிவம் 1996-ல் வந்தது. அன்றைய நீலக் கருவியில் இன்றைய லித்தியம் பற்றரி ஏறும். தொழிலாளர்கள் அதை வீட்டுச் சாமான் என்று சிரிப்பார்கள், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அதற்கு முன்னால் நிற்கக்கூடியவர் குறைவு. மக்கிட்டாவின் 18 வோல்ட் வரிசையும் 2005 முதல் தொடர்கிறது, ஆனால் அவர்களின் புதிய 40 வோல்ட் வரிசை அதோடு சேராது. டிவோல்ட் 2011-ல் பழைய 18-ஐ விட்டு 20-க்குத் தாவியபோது பழைய பற்றரிக்காரர்கள் கைவிடப்பட்டார்கள். இடைத்தகடு பிறகுதான் வந்தது. 2016-ல் வந்த அவர்களின் 60 வோல்ட் பற்றரி 20 வோல்ட் கருவியிலும் வேலை செய்யும்படி செய்யப்பட்டது, பட்டுத் தெரிந்துகொண்டார்கள் போலும். புல்வெட்டி, பனிதள்ளி வகைகளில் பல 40, 56, 60 என்று தனிச் சாதி. அவற்றையும் ட்ரில்லையும் ஒரே பற்றரியில் ஓட்டலாம் என்று பார்க்காமல் நம்பிவிடாதீர்கள்.

மச்சான் இங்கேதான் வருகிறார். ஒரு கருவித் தொகுப்பின் விலையில் பெரும் பங்கு பற்றரிக்கும் சார்ஜருக்கும் போகிறது. பற்றரி இல்லாத வெறுங்கருவி கணிசமாக மலிவு. நம்மவர்கள் பத்து நிமிடக் கார் ஓட்டத்துக்குள் அக்கா, தம்பி, மச்சான், சகலன் என்று கொத்தாகக் குடியிருப்பவர்கள். வட்டவாள் ஒரு வீட்டில், தேய்த்து மெருகூட்டும் கருவி இன்னொரு வீட்டில், பற்றரி மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே வடிவம் என்றால், தனி ஒருவர் வாங்கவே தேவையில்லாத ஐந்தாறு கருவிகள் குடும்பத்துக்குள் சுற்றும். ஆய்வகத்தில் எந்த ட்ரில் எத்தனை ஓட்டை போட்டது என்ற ஒப்பீடுகளைவிட இது பெரிய வித்தியாசம். நல்ல கொம்பனிகளுக்கிடையே உள்ள தர வேறுபாடு வீட்டு வேலையில் கையில் தெரியாது. உறவுக்காரர் யாரும் இல்லையா? மொன்றியலின் விலெரே பகுதியில் 2015 முதல் 'லா ரெமீஸ்' என்ற கருவி நூலகம் இயங்குகிறது, புத்தகம் இரவல் எடுப்பது போல வாளை எடுக்கலாம். ரொக்ஸ்பரோவிலிருந்து கொஞ்சம் தூரம்தான்.

இத்தனையும் சொன்னபின் ஒரு எதிர்வாதம். வருடத்துக்கு நாலு ஓட்டை போடும் வீட்டுக்காரருக்குக் கம்பியுள்ள ட்ரில்தான் நல்ல முதலீடு என்று நினைக்கிறேன். லித்தியம் கலம் பாவித்தாலும் கிழடாகும், பாவிக்காவிட்டாலும் கிழடாகும். முழுச் சார்ஜில், சூடான இடத்தில் சும்மா இருந்தால் இன்னும் வேகமாக. கம்பி ட்ரில்லைப் பத்து வருடம் கழித்து எடுத்துச் செருகினாலும் சுற்றும். அதற்கு ஒரு குறையும் உண்டு. ஸ்குரூ பூட்ட அது முரடு. எனவே சின்ன 12 வோல்ட் கருவி ஒன்றும், பழைய கம்பி ட்ரில் ஒன்றும் இருந்தால் ஒரு பங்களாவின் பத்து வருட வேலை முடியும். 18 வோல்ட் வாங்குவதற்கு உண்மையான காரணம், முற்றத்தில் மரத்தளம் கட்டும் ஆசையோ, ஏற்கெனவே சொன்ன மச்சானோதான்.

எதை வாங்கினாலும் முனைகளைக் கவனியுங்கள். பெட்டியோடு வருவது பெரும்பாலும் நட்சத்திரத் தலை முனை. கனடாவில் மரவேலை ஸ்குரூ என்றால் சதுரத் தலை. பீற்றர் ரொபேர்ட்சன் 1908-ல் கண்டுபிடித்து, 1909-ல் காப்புரிமை பெற்று, ஒன்ராறியோவின் மில்ரனில் தொழிற்சாலை வைத்துச் செய்தது. மொன்றியல் தெருமுனையில் ஸ்குரூட்ரைவர் விற்கக் காட்டிக்கொண்டிருந்தபோது அது வழுக்கிக் கையைக் கிழித்ததுதான் அந்த யோசனைக்குக் காரணம் என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, சிவப்புக் குறியுள்ள இரண்டாம் இலக்க முனை பத்தை வாங்கி வையுங்கள். ட்ரில்லின் வலு முழுவதும் அந்தச் சதுரத்தின் வழியாகத்தான் மரத்துக்குப் போகிறது.

கடையில் பெட்டியைப் புரட்டும்போது பிரெஞ்சையும் படியுங்கள். 'சான் ஃபில்' என்றால் கம்பியில்லாதது. 'ஊட்டி சேல்மான்' என்று இருந்தால் மலைப் பயணம் எதுவும் இல்லை, வெறுங்கருவி மட்டும், பற்றரி உள்ளே கிடையாது. மலிவாக இருக்கிறதே என்று தூக்கி வந்து வீட்டில் பெட்டியைத் திறந்து முழித்தவர்களில் இதை எழுதுகிறவனும் ஒருவன். பண்டிகைக்கால மலிவுத் தொகுப்புகளில் கரித்தூரிகை மோட்டரும் 1.5 அம்பியர்-மணிப் பற்றரியும் வைத்து, படத்தை மட்டும் பெரிய அண்ணன் போல அச்சிடுவார்கள். மாதிரி எண்ணைப் பாருங்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள். விலைச்சீட்டின் மேல் 14.975 வீதம் வரி ஏறும் என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

தொழிலுக்கு வாங்குகிறவருக்குக் கணக்கு வேறு. அவருக்குக் கருவியைவிடச் சார்ஜர் முக்கியம். தொகுப்போடு வரும் 2 அம்பியர் சார்ஜரில் 5 அம்பியர்-மணிப் பற்றரி ஏற இரண்டரை மணி நேரத்துக்கு மேல். 9 அம்பியர் வேகச் சார்ஜரில் முக்கால் மணி. வெட்டுகிற வேலையில் ஒரு பற்றரி வற்ற ஆகும் நேரமும் ஏறத்தாழ அதுவே என்றால், இரண்டு பற்றரியும் ஒரு வேகச் சார்ஜரும் நாள் முழுவதும் ஓடும். மெதுவான சார்ஜர் என்றால் இன்னும் பல பற்றரி வாங்க வேண்டிவரும். வரிப் பக்கம், சம்பளத்துக்கு வேலை செய்யும் கைத்தொழிலாளர் கருவிச் செலவுக்குக் கழிக்கக்கூடிய கூட்டாட்சி வரிச் சலுகையின் உச்சம் 2023 முதல் 500 டொலரிலிருந்து 1,000 ஆக்கப்பட்டது. பற்றுச்சீட்டை வீசாதீர்கள்.

பற்றுச்சீட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு, அது வீட்டுக்காரருக்கே உரியது. கியூபெக்கின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 37, 38-ஆம் பிரிவுகளின்படி, பொருள் அதன் வழக்கமான பாவனைக்கு ஏற்றதாகவும், விலைக்கு ஏற்ற நியாயமான காலம் உழைப்பதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. கொம்பனியின் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்று காசாளர் கையை விரித்தாலும் சட்ட உத்தரவாதம் தனியே நிற்கிறது. 2023 ஒக்டோபரில் வந்த திருத்தம், உதிரிப்பாகமும் திருத்தும் வசதியும் கிடைக்கும் கடப்பாட்டை இறுக்கி, அது 2025 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் முன்கூட்டியே எழுத்தில் எச்சரித்தால் வியாபாரி அதிலிருந்து நழுவ வழி உண்டு. அந்தச் சின்ன எழுத்தைப் பணம் கட்டமுன் தேடுங்கள். தன் தொழிலுக்கென்று வாங்கும் வியாபாரியை இந்தச் சட்டம் நுகர்வோராகப் பார்க்காது. அவருக்குக் கொம்பனி எழுதிக் கொடுத்த உத்தரவாதத்தின் நீளமும், திருத்துமிடம் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதும் உயிர்நாடி.

பிறகு குளிர். ஜனவரி இரவில் -20-க்குக் கீழே போகும் ஊரில் பற்றரியைக் கராஜில் விடுவது வழக்கம், தவறும் அதுவே. குளிரில் லித்தியம் பற்றரி வேலை செய்யும், கொஞ்சம் சோம்பலாக. சார்ஜ் ஏற்றுவதுதான் கூடாது. பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால், கிராபைற்றுக்குள் நுழைய வேண்டிய லித்தியம் வெளியே உலோகப் படலமாகப் படிந்துவிடும். அந்தச் சேதம் திரும்பாது, பின்னாளில் உள்ளே மின்கசிவுக்கும் வழிவைக்கும். நல்ல சார்ஜர் குளிர்ந்த பற்றரியை ஏற்க மறுத்து விளக்கை மினுக்கும். அதைப் பழுதென்று நினைத்து, கடைக்குக் கொண்டுபோகிறார்கள், போகும் வழியில் கார்ச் சூட்டில் பற்றரி இளகி, கடையில் ஒழுங்காக ஏறுகிறது. வான் வைத்திருக்கும் தொழிலாளி பற்றரிப் பையை இரவில் வீட்டுக்குள் எடுத்து வருவார், பகலில் கட்டடத்துக்குள் சூடாக்கியின் அருகே அல்ல, சூடான அறையில் வைப்பார். குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடக்கப்போகும் புல்வெட்டிப் பற்றரியைப் பாதிச் சார்ஜில், பேஸ்மென்டில் விட்டால் போதும்.

செத்த பற்றரியைக் குப்பைப் பையில் போடக்கூடாது. பல கருவிக் கடைகளின் வாசலில் சேகரிப்புப் பெட்டி இருக்கிறது, முனைகளில் ஒட்டுநாடா ஒட்டிப் போட வேண்டும். வீங்கியதும் வெடித்ததும் அந்தப் பெட்டிக்கு உரியதில்லை, மாநகரத்தின் கழிவு சேகரிப்பு நிலையமான ஈகோசென்டருக்குக் கொண்டுபோங்கள்.

கடைசியாக, ஊருக்குக் கொண்டுபோகிறவர்களின் கேள்வி. கோடை விடுமுறைக்குப் போகும்போது தம்பிக்கு ஒரு ட்ரில் கொண்டுபோகலாமா? கொண்டுபோகலாம், இரண்டாகப் பிரித்து. ட்ரில் உடல் விமானத்தின் அடியில் போகும் பெட்டியில், கழற்றிய பற்றரி கைப்பையில். கழற்றிய லித்தியம் பற்றரியைச் சரக்குப் பெட்டிக்குள் வைக்க விடமாட்டார்கள், ட்ரில்லைக் கைப்பையில் விடமாட்டார்கள். பற்றரி 100 வாட்-மணிக்குள் இருந்தால் பேச்சில்லை. 18 வோல்ட்டில் 5 அம்பியர்-மணி 90, தப்பிக்கும். 6 அம்பியர்-மணி 108, விமானக் கொம்பனியின் அனுமதி வேண்டும். இங்கத்தைய சார்ஜர் 120 வோல்ட்டுக்குச் செய்தது, இலங்கையில் சுவரில் வருவது 230. செருகினால் ஒரு சத்தம், ஒரு மணம், பிறகு ஒன்றுமில்லை. அதே குடும்பத்தின் 230 வோல்ட் சார்ஜரை அங்கேயே வாங்குங்கள். மக்கிட்டாவின் 18 வோல்ட் போன்ற வடிவங்கள் உலகம் முழுக்க ஒன்று என்பதால், கனடாப் பற்றரி அதில் உட்காரும். வாங்கமுன் தம்பியிடம் சுவர் என்ன சுவர் என்று கேளுங்கள். கல்வீடு என்றுதான் சொல்வார். அப்போது ரொக்ஸ்பரோவில் ஜிப்ரொக்கைத் துளைத்துப் பழகிய சின்ன ட்ரில்லை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஹமர் உள்ளதாகப் பார்த்து எடுக்க வேண்டும்.